முசுறு இலை தைத்த கதை

எறும்பு கேட்டால் மாமரம் பதில் சொன்ன அந்தக் காலத்தில், முசுறுகள் மண்ணுக்குள்தான் குடியிருந்தன. மாங்காய் பறிக்க ஏறியவனை இன்றைக்குப் பாடாய்ப் படுத்துகிறதே, அதே செக்கச்செவேல் முசுறுதான். மற்ற எறும்புகளைப் போலக் குழி தோண்டிப் பிள்ளை வளர்த்தது. காலும் இல்லை, கண்ணும் இல்லை, வெள்ளை வெளேரென்று உருண்டு கிடக்கும் பிள்ளைகள். வளர்ந்து முற்றியதும் அவர்கள் வயிற்றில் ஒரு பால் ஊறும். அதை வாயால் இழைத்துத் தன்னைச் சுற்றிப் பட்டுக்கூடு கட்டி, உள்ளே உறங்கி, ஆறு காலோடு எழுந்து வருவார்கள். ஆளுக்கொரு கூடு. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்களே, அந்த மாதிரி.

கூடு கட்டாத பிள்ளை காய்ந்து செத்துப்போகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் கூட்டை எப்படிக் கட்டுகிறார்கள் என்று அவர்களைத் தூக்கி வளர்க்கும் எந்த அக்காவும் கண்டதில்லை. மண்ணைப் போர்த்திக்கொண்டு செய்கிற காரியம் அது.

ஓர் ஐப்பசியில் மழை பிடித்தது பாருங்கள், குழி விடிவதற்குள் கிணறாகிவிட்டது. கையில் கிடைத்த பிள்ளைகளைக் கவ்விக்கொண்டு அத்தனை பேரும் பக்கத்து மாமரத்தில் ஏறினார்கள். வெயிலாள் என்றோர் அக்கா கவ்வி வந்தது நுங்கை. நுங்கு என்பது செல்லப்பெயர். தளதளவென்று அப்படி இருப்பாள். தப்பி வந்த பிள்ளைகளில் முற்றிய பிள்ளை அவள் ஒருத்திதான், மற்றதெல்லாம் பொடிசுகள்.

மழை கொஞ்சம் விட்டது. ஆனால் மேற்கே அடுத்த மேகம் கறுத்துத் திரண்டு நின்றது.

"அது வந்து சேருவதற்குள் கூரை வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பிள்ளை மிஞ்சாது" என்றாள் மாடத்தி. எல்லோருக்கும் மூத்தவள் அவள், வாயைத் திறந்தால் ஊரே அடங்கும். பிள்ளைகளை ஓர் இலைமேல் குவித்தார்கள். அந்த இலையையும் பக்கத்து இலையையும் மடக்கிச் சேர்த்தால் வீடாகும் என்பது மாடத்தியின் கணக்கு. ஒருத்தி இடுப்பை ஒருத்தி கவ்விச் சங்கிலியாகத் தொங்கி இழுத்தார்கள். இலைகளும் வந்து சேர்ந்தன. ஆனால் பிடியை விட்டால் படாரென்று விரிந்துவிடுமே! மாம்பிசினை வைத்துப் பார்த்தார்கள். ஈரத்தில் கரைந்து ஓடிப்போனது. சங்கிலியில் நின்றவர்கள் வாயில் இலை, பேசவும் முடியாது. இரண்டு பேர் பிடி நழுவி வெள்ளத்தில் விழுந்தே போனார்கள்.

மாடத்தி நேராக வெயிலாளிடம் வந்தாள்.

"ஏட்டி, நுங்கு வயிற்றில் பால் இருக்கா?"

வெயிலாள் பிள்ளையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் மறித்து நின்றாள். "அது அவளுக்கு ஒரு தடவை ஊறுகிற பால், அக்கா. அதை எடுத்தால் பிள்ளை போயிரும்."

"எடுக்காவிட்டால் எல்லாப் பிள்ளையும் போயிரும். அவளும் சேர்ந்துதான்."

கீழே கிடந்த நுங்கு குறுக்கே பேசினாள். "அக்கா, மழை எம்புட்டுத் தூரத்தில் இருக்கு?"

"பனங்காட்டைத் தாண்டிட்டுது."

"அப்போ என்னைத் தூக்கு."

தூக்கினாள். தூக்கி, என்ன செய்தாள் தெரியுமா? இலை ஓரத்தில் பிள்ளையின் வாயை வைத்து, வயிற்றை ஓர் அமுக்கு அமுக்கினாள். அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயே கை போகாது என்பார்கள். இது நுங்கின் வாய்! பால் குபுக்கென்று வந்தது. இழையாகவா வந்தது? துளியாக வந்தது, தேன் மாதிரி வழிந்தது, இலை நுனியில் தொங்கி வெள்ளத்தில் சொட்டியது. பயந்துபோய் இன்னும் அமுக்கினாள். இன்னும் சொட்டியது. பாதி வயிறு சுருங்கிவிட்டது. அறிவு கெட்டவள் என்று திட்டத்தான் தோன்றுகிறது, ஆனால் அந்த இடத்தில் நாம் இருந்தால் முழு வயிற்றையும் பிதுக்கியிருப்போம்.

"வலிக்குதுக்கா" என்றாள் நுங்கு. வெயிலாளுக்கு உயிரே போனது.

அப்போது ஒரு காற்று அடித்தது. இலை துள்ள, வெயிலாள் நுங்கைக் கவ்வியபடியே நாலெட்டு பின்னால் தெறித்தாள். கடைசித் துளியின் ஒரு முனை இலையிலும் மறுமுனை பிள்ளையின் வாயிலுமாக ஒட்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் பால் நீண்டது. நீளும்போதே மெலிந்தது. கண்ணாடியாய் இருந்தது வெளுத்தது, வெளுத்ததும் இறுகியது. வெயிலாள் அதன்மேல் காலை வைத்து மிதித்துப் பார்த்தாள். அறவில்லை.

சங்கதி இவ்வளவுதான். அந்தப் பாலுக்குள் கண்ணுக்குத் தெரியாத இழைகள் சிக்குப் பிடித்த தலைமுடியாய்ச் சுருண்டு கிடக்கின்றன. அமுக்கினால் சிக்கோடு வழியும். ஒரு முனையை ஒட்டிவிட்டு வேகமாய் இழுத்தால் சீப்புப் போட்டதுபோல் வரிசையாகி, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு கெட்டியாகிவிடும். இதெல்லாம் வெயிலாளுக்குத் தெரியாது. இழுக்க வேண்டும், பிதுக்கக் கூடாது என்பது மட்டும் புரிந்தது.

இந்த இலையில் ஒட்டினாள், அந்த இலைக்கு ஓடினாள். மெதுவாய்ப் போனால் பால் சொட்டியது, தலைதெறிக்க ஓடினால் இழை அறுந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு நடை உண்டு. நாலைந்து இழை வீணான பிறகு அது அவள் காலுக்குப் பிடிபட்டது. அவள் வாயில் பிள்ளை, பிள்ளை வாயில் இழை, ஒருவரோடு ஒருவர் பேச வழியில்லை. அதனால் மீசையால் நுங்கின் தலையைத் தட்டுவாள். தட்டினால் நுங்கு பாலை விடுவாள். தட்டு, ஒட்டு, ஓடு. வெள்ளைத் தையல் விழ விழ, சங்கிலியில் நின்றவர்கள் ஒவ்வொருத்தியாய் வாயை எடுத்தார்கள்.

பக்கத்துத் தோப்பில் மழை இரைவது கேட்டது. காம்புப் பக்கம் இன்னும் ஒரு சந்து பாக்கி இருந்தது, நம் கட்டைவிரல் அகலத்துக்கு. அது போதும், சாய்ந்தடிக்கும் ஒரு மழையில் உள்ளே இருக்கும் அத்தனையும் மிதந்துவிடும். நுங்கின் வயிற்றில் கொஞ்சமே கொஞ்சம் பால் மிச்சம். அவளுக்கென்று ஒரு கிழிசல் போர்வை கட்டிக்கொள்ளவாவது காணும்.

வெயிலாள் சந்தின் ஓரத்துக்கு வந்தாள். பிள்ளையின் வாயை இலையில் வைத்தாள். ஆனால் தலையைத் தட்டவில்லை. மீசை அசைய மாட்டேன் என்றது.

"தட்டுட்டி!" என்று மாடத்தி கத்தினாள். முதல் துளிகள் இலைமேல் படபடத்தன. வெயிலாள் கல்லாக நின்றாள். எத்தனை பிள்ளைகளைக் கவ்வித் திரிந்தவள் அவள்! இந்த ஒன்றைக் கொல்ல அவளால் ஆகவில்லை.

அவள் தட்டவே இல்லை. நுங்குதான் தானாக வாயைத் திறந்தாள். பால் வந்து இலையில் ஒட்டியது. இனி நின்றால் அதுவும் சொட்டிப்போகும். வெயிலாள் அழுதுகொண்டே ஓடினாள். அந்தப் பக்கம், இந்தப் பக்கம், மறுபடியும் அந்தப் பக்கம். வயிறு முழுக்க வற்றியபோது சந்து மூடியிருந்தது. பேய்மழை வந்து மூன்று நாள் மரத்தைப் போட்டு உலுக்கியது. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

வெயிலாள் அம்மணமாய்க் கிடந்த பிள்ளையை அணைத்தபடி சாவுக்குக் காத்திருந்தாள். நாலாம் நாள் நுங்கின் உடம்பு காயவில்லை. ஏழாம் நாளும் காயவில்லை. தைத்த இலைக்குள் காற்றும் வெயிலும் புகவில்லையே, எப்படிக் காயும்? பத்துப் பன்னிரண்டு நாளில், கூடே இல்லாமல், ஆறு காலோடு எழுந்து நின்றாள்.

அதைப் பார்த்த பொடிசுகள் பால் ஊறியதும் ஒவ்வொருவராய், "அக்கா, என்னையும் தூக்கு" என்றார்கள். வீடு பெரிதாகிக்கொண்டே போனது.

அன்று முதல்தான் முசுறுப் பிள்ளைகள் தங்களுக்கென்று கூடு கட்டிக்கொள்வதில்லை. மாங்காய்க்கு ஆசைப்பட்டு இலைக்கூட்டைக் கலைக்கிறவனை முசுறு ஏன் அப்படிக் கடிக்கிறது என்று கேட்கிறீர்களே, அவன் கிழிப்பது அத்தனை பிள்ளைகளும் உடுத்தாமல் கொடுத்த துணி.