மோதிர விரல்

டீச்சர் யமுனாவுக்கு வயது முப்பத்திரண்டு. அவளிடம் கலப்படச் சோதனை வேலை கற்க வந்த கோதைக்கு நாற்பத்தெட்டு.

தேரன்று காலை இருவரும் ரதவீதிக் கடைகளில் குங்குமத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கையில் துப்பாக்கி போல ஒரு கருவி. பொட்டலத்தின் மேல் அழுத்திப் பிடித்தால், உள்ளே ஈயம் கலந்திருக்கிறதா என்று முப்பது விநாடியில் சொல்லிவிடும்.

கோதைக்கு அந்த முப்பது விநாடி பொறுக்கவில்லை.

“டீச்சர், இருபது வருஷம் குங்குமம் வித்தவ நான். பார்த்தாலே தெரியாதா? இன்னும் முப்பது கடை கிடக்கு. ஒவ்வொண்ணுக்கும் காத்துக்கிட்டு நிக்க நேரம் எங்கே இருக்கு?”

யமுனா அடுத்த கடைக்கு நடந்தாள்.

கடைக்காரி பேச்சியம்மாள் ஒரு மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“சீக்கிரம் பாருங்க தாயி. பத்து மணி அர்ச்சனைக்குப் போற மூட்டை. ஊரே நெத்தியில வெச்சுக்கப் போகுது.”

கோதை உள்ளே கைவிட்டு அள்ளினாள். “என்ன கனம்! நிறமும் பளிச்சுனு இருக்கு. அசல் சரக்கு டீச்சர். இதை அனுப்பிடலாம்.”

“கருவியை வைங்க அக்கா.” யமுனா குனிந்து மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பொட்டலம் கட்டினாள்.

“முதல்ல ஆளுக்கு ஒரு பொட்டு,” என்று பேச்சியம்மாள் அதே மூட்டைக் குங்குமத்தைத் தட்டில் வைத்து நீட்டினாள்.

யமுனா நிமிர்வதற்குள் கோதையின் மோதிர விரல் தட்டுக்குப் போய்த் திரும்பிவிட்டது. நெற்றியில் ஒன்று. தாலியில் ஒன்று.

பிறகு கோதை கருவியைப் பொட்டலத்தின் மேல் அழுத்தினாள். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். தெருமுனையில் வேட்டு வெடித்தது. திரையில் எண் ஏறிக்கொண்டே போய்ச் சிவப்பில் நின்றது.

ஈயம்.

“கனமா இருக்குன்னீங்களே தாயி,” என்றாள் பேச்சியம்மாள். அவள் குரல் இறங்கிவிட்டது.

“ஈயம் கனம்தான்,” என்றாள் யமுனா. மூட்டையைக் கடைக்குள் இழுத்துப் போட்டு முத்திரை ஒட்டினாள்.

கோதை முந்தானையால் நெற்றியைத் தேய்த்தாள். சிவப்பு புருவம் வரை பரவியது. தாலியைத் துடைத்தாள். அதற்குள் மஞ்சள் கயிற்றிலும் சிவப்பு இறங்கியிருந்தது.

“பக்கத்திலேயேதானே இருந்தீங்க?” அவள் யமுனாவிடம் திரும்பினாள். “வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

யமுனா கைக்குட்டையை நனைத்துக் கொடுத்தாள்.

“நேரம் எங்கே இருந்தது, அக்கா?”