சாயாத வண்டி

கோயம்புத்தூரை அடுத்த ஒரு பந்தயத் தடத்தின் ஓரத்தில் பூங்கோதையின் பட்டறை இருந்தது. பந்தயக் கார்களுக்குக் கால் பார்ப்பவள் என்று அவளைச் சொல்வார்கள். கால் என்றால் டயர், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாமும். வயது முப்பத்து நான்கு.

அவளிடம் தொழில் கற்க வந்த ரங்கதுரைக்கு ஐம்பத்திரண்டு. நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆசைப்பட்டு வந்து சேர்ந்திருந்தார். வயதில் சின்னவள் என்பதால் அவளை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அவள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்.

அன்று காலை ஸ்பேனரைத் தரையில் வீசிவிட்டு அவள் முன்னால் வந்து நின்றார்.

"அம்மிணி, இதுக்கு நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க."

"என்னுங்ணா ஆச்சு?"

விஷயம் பல் டாக்டர் சாருலதாவின் சிவப்புக் கார். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். திருப்பத்தில் ரொம்பவும் சாய்கிறது, சரிசெய்து கொடுங்கள் என்று டாக்டர் கேட்டிருந்தார். முதல் தடவையாக ஒரு வண்டியை முழுசாக ரங்கதுரையிடம் ஒப்படைத்திருந்தாள் பூங்கோதை.

மூன்று வாரம் அவர் வேறெதையும் தொடவில்லை. இருப்பதிலேயே கெட்டியான ஸ்பிரிங்கைத் தேடிப் போட்டார். ஷாக் அப்சார்பரை இனி இறுகாது என்கிற வரைக்கும் இறுக்கினார். அகலமான புது டயர் மாட்டினார். வண்டியின் ஓரத்தில் ஏறி நின்று அழுத்திப் பார்த்தார். வண்டி கல்லாக நின்றது. அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அன்று விடிந்ததும் ஓட்டிப் பார்த்த டாக்டர் மூன்றாவது திருப்பத்தில் வழுக்கி, சுழன்று, புல்லில் போய் நின்றார். அடி எதுவும் இல்லை. இறங்கி வந்து எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்:

"இதுல உக்காரவே பயமா இருக்கு. பழசே தேவலை. ஞாயித்துக்கிழமைப் பந்தயத்துல இதை நான் ஓட்டறதா இல்ல."

அந்தப் பேச்சுதான் ரங்கதுரையின் நெஞ்சில் இன்னமும் எரிந்துகொண்டிருந்தது.

"சாயுதுன்னாங்க, சாயாமப் பண்ணிப்போட்டேன். கேட்டதைக் குடுத்ததுக்கு இந்தப் பேச்சா? அளவெல்லாம் எழுதி வெச்சிருக்கறேன், பாருங்க. ஒரு நூல் பிசகில்ல. கோளாறு வண்டியில இல்லீங்க, ஓட்டுன கையில!"

"அப்படிங்களா?"

"பின்னே? பல்லுப் புடுங்கறவங்களுக்கு வண்டியைப் பத்தி என்னங்க தெரியும்? நீங்க அவங்களைக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை சொல்லோணும். இல்லீன்னா நான் இனி இந்த வண்டியைத் தொடமாட்டேன்."

அவர் நீட்டிய அளவுச் சீட்டைப் பூங்கோதை வாங்கவில்லை.

"மூணாவது திருப்பம் வரைக்கும் போய்ட்டு வருவமுங்ணா."

போனார்கள். வெயில் இன்னும் ஏறவில்லை. தார் பார்வைக்கு வழவழவென்று இருந்தது.

"செருப்பைக் கழட்டிருங்க."

கழற்றினார்.

"இங்கிருந்து அந்த வெள்ளைக் கோடு வரைக்கும் வளைஞ்சு ஓடுங்க. முழங்காலை மட்டும் மடக்கக் கூடாது. ஒடம்பும் சாயக் கூடாது."

ரங்கதுரைக்கு முகம் சிவந்துவிட்டது. வேலிப் பக்கம் பட்டறை ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரும் நின்றிருந்தார்.

"நியாயம் கேட்டு வந்தவனை எல்லார் முன்னாலயும் கோமாளி ஆக்கறீங்களே, அம்மிணி?"

"ஓடுங்ணா."

பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினார். நாலு எட்டு சரியாகத்தான் போனது. ஐந்தாவது எட்டில் தாரில் ஒரு மேடு குதிகாலில் இடித்தது. அந்த அதிர்ச்சி தாடை வரைக்கும் ஏறியது. அடுத்த எட்டில் ஒரு பள்ளம். வைக்கப்போன கால் தரையைத் தொடுவதற்குள் உடம்பு வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. வளைய முடியவில்லை. நேராகப் புல்லில் போய் விழுந்தார்.

வேலிப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

ரங்கதுரை கையை ஊன்றி எழுந்தார். உள்ளங்கை சிராய்த்திருந்தது. அதைத் தூக்கிக் காட்டிக் கத்தினார்.

"இது அக்கிரமமுங்க! ரோடு பூராவும் மேடும் பள்ளமுமாக் கெடக்குது. வெச்ச காலு வெச்ச எடத்துல நிக்கறதில்ல. முழங்காலை மடக்காம எந்த மனுசனால இதுல திரும்ப முடியும்?"

பூங்கோதை அவர் சட்டையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள்.

"இதையேதானுங்ணா அந்த வண்டியும் கேட்டுது. அதுக்கு வாயில்ல. அதனால டாக்டரம்மா வந்து சொன்னாங்க."