பெரிய பூபதியின் பட்டாடை

புன்னைக்காட்டுப் பாளையத்தை ஆண்ட இராசகேசரி பூபதிக்குப் பழைய பொருள் என்றால் உயிர். பிடி உடைந்த வாளோ, விளிம்பு போன குடமோ, முன்னோர் தொட்டது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மடியில் வைத்துக் கொஞ்ச ஆரம்பித்துவிடுவார்.

இது ஊருக்கே தெரியும். சோலையப்பன் என்ற வணிகனுக்கும் தெரிந்திருந்தது. ஒருநாள் சந்தனப் பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு சபைக்கு வந்தான். உள்ளே ஒரு பட்டாடை. நிறம் மங்கி, மடிப்புகளில் இற்று, அங்கங்கே ஓட்டை விழுந்து, கர்ப்பூரம் மணக்கக் கிடந்தது. பாளையத்தை உண்டாக்கிய பெரிய பூபதி முடிசூட்டு நாளில் உடுத்தியதாம். காஞ்சியில் நெய்ததாம். முந்நூறு வருஷமாகத் தன் வீட்டில் பூஜையில் இருக்கிறதாம்.

மகாராஜா எழுந்து நின்று கும்பிட்டார்.

விலை எதுவும் வேண்டாம் என்றான் சோலையப்பன். பாளையத்து நெசவாளர்கள் இனித் தன் ஒருவனுக்குத்தான் துணி விற்க வேண்டும் என்று ஒரு பட்டயம் கொடுத்தால் போதுமாம். ஆடை அசல்தான், தாராளமாகக் கொடுக்கலாம் என்று தளவாய் கொண்டமராயரும் ஒத்து ஊதினார்.

சபையில் யோசனை சொல்லும் திருமேனிக்கு இது பிடிக்கவில்லை. ஊரில் பாதி வீட்டு அடுப்பு தறியை நம்பித்தான் எரிகிறது. அத்தனை பேர் குடுமியையும் ஒருவன் கையில் கொடுப்பதா? கொஞ்சம் விசாரித்துவிட்டுச் செய்யலாமே என்று மெல்ல இழுத்தார்.

தளவாய் இதற்குத்தான் காத்திருந்தார். திருமேனி வாயைத் திறந்தாலே மகாராஜா சிரிப்பது அவருக்கு வெகுநாள் எரிச்சல். அப்படியானால் இந்த ஆடை எந்த ஊரில் நெய்தது, வயது என்ன என்று திருமேனியே நாளைக்குச் சொல்லட்டும், முடியாவிட்டால் சபையில் தம் இடத்தைக் காலி செய்யட்டும் என்றார். மகாராஜாவும் தலையாட்டிவிட்டார்.

திருமேனி மாட்டிக்கொண்டார். துணியைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. வேட்டியில் எது உள்பக்கம் என்பதையே மனைவி காந்திமதிதான் சொல்லவேண்டும். அன்று சோறு இறங்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்து, இன்றைக்கு யார் தலை உருளப் போகிறதோ என்று காந்திமதிக்குக் கவலை வந்துவிட்டது.

சபைக்கு வந்ததும் திருமேனி ஆடையின்முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆடை பெரிய பூபதியுடையதேதான், சந்தேகமே இல்லை என்றார். தளவாய்க்கே ஒன்றும் புரியவில்லை. சோலையப்பன் முகமெல்லாம் பல்.

"முந்நூறு வருஷமும் உம் வீட்டை விட்டு இது வெளியே போகவில்லையே?" என்று கேட்டார் திருமேனி.

"ஒருநாள்கூடப் போகவில்லை ஐயா" என்றான் அவன்.

"இவன் பிடிபட்டான், மகாராஜா. முடிசூட்டு விழாவன்று காணாமல் போன ஆடை இதுதான். எந்த வீட்டில் அகப்படுகிறதோ, எத்தனை தலைமுறை ஆனாலும், அந்த வீட்டுக்காரன் இரண்டு கையையும் வெட்டச் சொல்லிப் பெரிய பூபதி இட்ட கட்டளை இன்னும் அப்படியே இருக்கிறது."

மகாராஜா திருதிருவென விழித்தார். திருமேனியின் மீசை லேசாகத் துடிப்பதைப் பார்த்தார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, "ஆமாம், எங்கள் தாத்தாகூடச் சொல்லியிருக்கிறார்" என்றார்.

காவலன் ஒருவன் வாளோடு முன்னால் வந்தான். சோலையப்பன் தடாலென்று விழுந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். ஆடை பெரிய பூபதியுடையது இல்லையாம். போன ஐப்பசியில் தளவாயின் தோட்டத்தில் ரகசியமாகத் தறி போட்டு நெய்ததாம். கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, அடுப்புப் புகையில் தொங்கவிட்டு, கரப்பான்களோடு பானையில் போட்டு மூடி வைத்தார்களாம். பட்டயம் கிடைத்தால் வரும் லாபத்தில் தளவாய்க்குப் பாதியாம்.

தளவாய் தலையைத் தொங்கப்போட்டார்.

திருமேனி கைகட்டி நின்றார். "மகாராஜா ஊரும் வயதும் கேட்டீர்கள். ஊர், தளவாயின் தோட்டம். வயது, இன்னும் ஒரு வருஷம் நிறையவில்லை. காதுகூடக் குத்தவில்லை."

மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சோலையப்பனை எல்லைக்கு வெளியே விரட்டச் சொன்னார். தளவாயின் வாளை வாங்கிக்கொண்டு, அரண்மனைத் துணிகளை வெயிலில் உலர்த்தும் உத்தியோகத்தைக் கொடுத்தார். தம் தோளில் கிடந்த சால்வையை எடுத்துத் திருமேனிக்குத் தாமே போர்த்தினார். போர்த்தும்போது குனிந்து காதோரம் கேட்டார்:

"அதிருக்கட்டும். பெரிய பூபதியின் அந்தக் கட்டளை எந்தக் காலத்தில் நெய்தது?"

"இன்று காலையில்தான் மகாராஜா" என்றார் திருமேனி. "கரை மட்டும் தங்கள் தாத்தா போட்டது."