கழுவின பீப்பாய்

“இந்த எண்ணெய்க்கு யாரோ தலைக்குத் தண்ணி ஊத்தி, பவுடர் பூசி அனுப்பியிருக்காங்க. யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா பண்ணினது அநியாயம்.”

கண்ணாடிச் சிரிஞ்சை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பூங்கோதை டீச்சர் சொன்னார். சிரிஞ்சுக்குள் டிரான்ஸ்பார்மர் எண்ணெய் இளமஞ்சளாகப் பளபளத்தது.

வையாபுரிக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த யாரோ அவர்தான்.

பள்ளிக்கூடம் வையாபுரியை ஐந்தாம் வகுப்பிலேயே வெளியே தள்ளிவிட்டது. அதற்கப்புறம் அவருக்குப் பாடம் நடத்தியதெல்லாம் சந்தைதான். பழைய பீப்பாய் வாங்கி விற்றார். ஏமாந்தார். ஏமாற்ற வந்தவன் சட்டையைப் பிடித்தார். பேரம் பேசிப் பேசியே மேலே வந்து, கடைசியில் எண்ணெய் வடிகட்டும் மிஷின் ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். அதை லாரியில் ஏற்றி ஊர் ஊராகப் போய், டிரான்ஸ்பார்மர் எண்ணெயைச் சுத்தம் செய்து கொடுப்பது தொழில்.

சுத்தம் செய்கிறவருக்குச் சோதிக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று வாடிக்கைக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அதற்காகத்தான், தன்னைவிடப் பத்து வயது சின்னவரான டீச்சரிடம் வந்து சேர்ந்திருந்தார். டீச்சர் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர். இப்போது பவானிக்குப் பக்கத்தில் சொந்தமாகச் சோதனைக்கூடம் வைத்திருக்கிறார்.

“எண்ணெய் சுத்தமா இருக்குதுன்னா சந்தோசப்படோணுமுங்க டீச்சர். கோவப்பட்டா எப்படீங்க?”

“இருபது வருசமா ஓடற டிரான்ஸ்பார்மர் அண்ணா. எண்ணெய்ல ஒரு பொட்டு வாயுகூட இல்ல. இன்னிக்குப் பொறந்த குழந்தை மாதிரி இருக்கு. நம்பச் சொல்றீங்களா?”

“உள்ளுக்குள்ள ஒண்ணும் கோளாறு இல்லீன்னா வாயு எங்கிருந்துங்க வரும்?”

“சாதாரணமா ஓடறதுக்கே கொஞ்சம் வரும்.”

வடிகட்டுகிறவர்களின் வழக்கம் ஒன்று உண்டு. சோதனைக்கு ஆள் வருகிறது என்றால், முந்தின நாளே மிஷினை மாட்டி எண்ணெயை ஓர் ஓட்டு ஓட்டி, அழுக்கோடு வாயுவையும் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். அப்போதுதான் ரிப்போர்ட் நன்றாக வரும், எல்லோருக்கும் மனசு நிறையும். முப்பது வருசத்தில் அவரிடம் யாரும் அதைத் தப்பு என்று சொன்னதில்லை.

இந்த டிரான்ஸ்பார்மர் காவிரிக்கரை நீரேற்று நிலையத்தில் இருந்தது. ஆற்றுத் தண்ணீரை மூன்று ஊர்களுக்கு ஏற்றுகிற பம்புகள் எல்லாம் அதை நம்பித்தான் ஓடின. கோடை. மாரியம்மன் பண்டிகைக்குப் பூச்சாட்டி, நாள் எண்ண ஆரம்பித்தாகிவிட்டது. நிலையத்துப் பொறியாளர் சிவநேசனிடம் வையாபுரி நெஞ்சில் கைவைத்துச் சொல்லியிருந்தார். “தாய்ப்பால் மாதிரி இருக்குதுங்க சார். ரெண்டு கோடை தாங்கும்.”

“ஏனுங் டீச்சர், சுத்தம் பண்றது ஒரு தப்புங்களா?” என்று கேட்டார் இப்போது. கொஞ்சம் சத்தமாகவே கேட்டார்.

டீச்சர் சிரிஞ்சைக் கீழே வைத்தார்.

“வெளியில ஒரு பீப்பாய் கெடக்கு அண்ணா. வித்துடலாம்னு இருக்கேன். நீங்க எடுத்துக்கறீங்களா?”

பீப்பாய் என்று காதில் விழுந்ததும் வையாபுரியின் கோபம் பாதி இறங்கிவிட்டது. எழுந்து போனார். கொட்டகையோரம் கிடந்த பீப்பாயை விரல் முட்டியால் தட்டினார். ஒரு சுற்று உருட்டினார். மூடியைக் கழற்றி மோந்து பார்த்து, கையை உள்ளே விட்டார். முகம் சுருங்கியது.

“சோப்பு வாசம் அடிக்குது. கழுவினீங்களா?”

“உங்களுக்காகத்தான். நல்லாத் தேச்சுக் கழுவி வெச்சேன்.”

“அப்ப எனக்கு வேண்டாமுங்க.”

“வெலையே கேக்கல இன்னும்?”

“கழுவின பீப்பாய்க்கு வையாபுரி வெல கேக்கறதில்லீங்க டீச்சர். சந்தையில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.”

“பளிச்சுன்னுதானே இருக்கு?”

“அதுதானுங்க வம்பே. உள்ள ஆசிட் இருந்துச்சா, டீசல் இருந்துச்சா, மோந்து பாத்தாத்தானே தெரியும். அடியில படிஞ்சதை வெரல்ல தொட்டுப் பாக்கோணும். துரு எந்தப் பக்கம் கசியுதுன்னு அழுக்குதான் காட்டிக் குடுக்கும். ஒருக்கா ஒருத்தன் இப்படித்தான் கழுவிக் குடுத்தான். வாயப் பொளந்துட்டு வாங்கி எண்ணெய் ஊத்தி வெச்சேன். விடிஞ்சு பாத்தா குடோன் பூரா எண்ணெய். நானும் எம்பட பொண்டாட்டியும் பழைய துணி போட்டு ஒத்தி எடுத்தோம். அன்னிக்கு முடிவு பண்ணினேன். கழுவிக் குடுக்கறவன் எதையோ மறைக்...”

நிறுத்திக்கொண்டார். கை இன்னும் பீப்பாய்க்குள் இருந்தது.

“அப்ப வேண்டாங்கறீங்க,” என்றார் டீச்சர். மூடியை எடுத்து மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வையாபுரி பீப்பாயை மறுபடி கொட்டகையோரம் உருட்டி வைத்தார். பிறகு அவரும் உள்ளே போனார். குரல் இறங்கியிருந்தது.

“போன வாயு திரும்ப வருங்களா?”

“நோவு இருந்தா வரும். ஓடட்டும். யாரும் எண்ணெயைத் தொட வேண்டாம். கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி எடுக்கலாம்.”

“அதுக்குள்ள வெடிச்சுப் போச்சுன்னா?”

“அதை அந்த யாரோகிட்டத்தான் கேக்கோணும்.”

அந்த நாட்களை வையாபுரி எப்படித் தள்ளினார் என்பது அவர் சம்சாரத்துக்குத்தான் தெரியும். சோறு இறங்கவில்லை. லாரியைத் தினமும் காவிரிக்கரைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போவார். வேலிக்கு வெளியே நின்று டிரான்ஸ்பார்மர் முனகுகிற சத்தத்தைக் கேட்பார். அவருக்கு எல்லாச் சத்தமும் ஒரே மாதிரிதான் கேட்டது. ஊர்ப் பெண்கள் பண்டிகைக்கு வீடு கழுவிக்கொண்டிருந்தார்கள். குழாயில் தண்ணீர் கொட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் லாரியைத் திருப்பிக்கொண்டு மறுபடி வேலியோரம் போய் நிற்பார்.

மறுபடி எடுத்த சாம்பிளோடு அவரே வந்து சேர்ந்தார். டீச்சர் மிஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு ஒற்றை வார்த்தை சொன்னார்.

“அசிட்டிலின்.”

“வெல்டிங் பட்டறை கேஸுங்களா?”

“அதேதான்.”

“எண்ணெய்க்குள்ள எவனுங்க வெல்டிங் வெக்கறான்?”

“உள்ள ஏதோ ஒரு இணைப்பு லூசாயிருக்கு. பொறி பறக்குது. இன்னும் சின்னப் பொறிதான். நிறுத்திப் பாத்தாத்தான் எந்த இடம்னு தெரியும். ரெண்டு நாள் வேணும்.”

“சிவநேசன் சார் இப்ப நிறுத்த மாட்டாருங்க. பண்டிகை முடியட்டும்பார்.”

“பேரம் பேசத் தெரிஞ்சவங்க யாராச்சும் போனாத் தேவலை,” என்று சொல்லிவிட்டு டீச்சர் வேறு வேலையைப் பார்க்கப் போனார்.

சிவநேசன் மேசைக்கு முன்னால் வையாபுரி உட்காரவில்லை. நின்றே பேசினார்.

“அஞ்சு நாள் கரண்டை நிறுத்தோணுமுங்க சார்.”

“வையாபுரி, உங்களுக்கு வெயில் ஏறிடுச்சா? நீங்கதானே தாய்ப்பால்னு சொன்னீங்க?”

“சொன்னேனுங்க. அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கறேன்.”

சிவநேசன் பேனாவை மூடினார். இந்த மனிதர் விற்ற சரக்கைத் திருப்பி எடுத்ததே இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

“சோதனைக்கு முன்னாடி நான் எண்ணெயைக் கழுவிட்டேனுங்க. கழுவினதுல நோவும் மறைஞ்சுபோச்சு. இப்ப மறுபடி தலை காட்டுது.”

“இனி உங்க பேச்சை நான் எப்படி நம்பறது?”

வையாபுரி மேசைக்கு ஓரடி கிட்டே வந்தார்.

“எம்பேச்சை நம்ப வேண்டாமுங்க. டீச்சர் கருவியை மாட்டட்டும். அது சொல்றதை நம்புங்க.”

“அஞ்சு நாளெல்லாம் முடியாது. மூணு ஊரும் குடத்தைத் தூக்கிட்டு என் வாசலுக்கு வந்துடும்.”

“நாலு குடுங்க.”

“ஒரு நாள்.”

“மூணு. முந்தின நாளே மேல்தொட்டி எல்லாத்தையும் நெறப்பிக்கலாம். எனக்குத் தெரிஞ்ச தண்ணி லாரிக்காரங்க அத்தனை பேரையும் கூட்டியாந்து நிறுத்தறேன். ஒரு வீட்ல குடம் காலியா இருந்தா என்னைக் கூப்புட்டு அடிங்க.”

சிவநேசன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

“ரெண்டு நாள். அதுக்கு மேல ஒரு மணிநேரம் ஆனாலும் உங்க லாரியை ஆத்துல தள்ளிடுவேன்.”

“தள்ளுங்க சார். நானும் ஒரு கை குடுக்கறேன்.”

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேண்டியது இரண்டு நாள், கிடைத்தது இரண்டு நாள். அவர் வாழ்க்கையில் பேசியதிலேயே பெரிய பேரம் அதுதான்.

டிரான்ஸ்பார்மர் நின்றது. டீச்சர் மின்தடை அளக்கும் கருவியின் ஒயர்களை மாட்டினார். பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருந்தது. வருகிற மின்னழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் அதைத் திருப்பித்தான் சரிக்கட்டுவார்கள். அதை ஒவ்வொரு படியாகத் திருப்பச் சொன்னார் டீச்சர். திருப்பினவர் வையாபுரி. ஒவ்வொரு படியிலும் கருவியில் எண் வந்து நின்றது. சிவநேசன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

வழக்கமாக ஓடுகிற படிக்கு வந்ததும் எண் நிற்கவில்லை. கிடாக்குட்டி மாதிரி குதித்தது.

“கையை எடுங்க அண்ணா,” என்றார் டீச்சர். “இங்கதான்.”

எண்ணெயை இறக்கி மூடியைத் திறந்தார்கள். டார்ச் வெளிச்சத்தில் மூவரும் எட்டிப் பார்த்தார்கள். படிக்கு ஒன்றாக, வரிசையாகச் செம்புத் துண்டுகள். ஒன்று மட்டும் கரியாகி, பாதி தின்னப்பட்டுக் கிடந்தது.

“இது எத்தனை நாள் தாங்கியிருக்கும்?” என்று கேட்டார் சிவநேசன்.

“பண்டிகை அன்னிக்கு எல்லாப் பம்பும் ஒண்ணா ஓடுமே, அப்பத் தெரிஞ்சிருக்கும்,” என்றார் டீச்சர்.

சிவநேசன் அதற்கப்புறம் லாரியை ஆற்றில் தள்ளுவதைப் பற்றிப் பேசவில்லை. அவரே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார்.

கருகின துண்டை மாற்றி, முடுக்கி, மறுபடி அளந்தார்கள். எண் அசையாமல் நின்றது. மூடியைப் பூட்டினார்கள்.

“அண்ணா, இப்ப எண்ணெயைக் குளிப்பாட்டுங்க,” என்றார் டீச்சர்.

மிஷின் குழாயைத் தூக்கிய வையாபுரி அதைக் கீழே வைத்தார்.

“மொதல்ல சாம்பிள் எடுங்க டீச்சர். அதுக்கப்புறந்தான் நான் தொடுவேன்.”

டீச்சர் சிரிஞ்சை அவர் கையிலேயே கொடுத்தார்.

சொன்ன இரண்டு நாளுக்கு இன்னும் அரைப்பகல் மிச்சம் இருக்கும்போதே கரண்ட் கொடுத்தார்கள். ஒரு பம்பு உறுமியது. அடுத்தது. பிறகு எல்லாம் சேர்ந்து தரையே அதிர்ந்தது. பெருங்குழாயில் காவிரி ஏறியது. பக்கத்துக் குழாயைத் திறந்து சிவநேசன் ஒரு வாளி தண்ணீர் பிடித்தார். பண்டிகை மஞ்சள் நீராட்டுக்கு மாமன் மச்சானைத் துரத்துகிற மாதிரி வந்து, வையாபுரி தலையில் கவிழ்த்தார்.

“உங்களையும் குளிப்பாட்டியாச்சு. சரியாப் போச்சா?”

வேலைக்காரர்கள் சிரித்த சிரிப்பில் வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. வையாபுரி வேட்டியைப் பிழிந்துகொண்டே சிரித்தார். மூன்று ஊர் தண்ணீரும் தன் தலைவழியாகத்தான் போகிறது என்பதுபோல நின்றார்.

திரும்பும்போது லாரியில் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் தோரணம், வேப்பிலை, திண்டாட்டம் இல்லாமல் நிரம்பும் குடங்கள். ஈரச்சட்டையோடு வையாபுரி ராஜா மாதிரி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். பாலம் தாண்டியதும் கேட்டார்.

“ஏனுங் டீச்சர், அந்த யாரோ யாருன்னு உங்களுக்கு மொதல்லயே தெரியுங்களா?”

“தெரியாது அண்ணா.”

“நெசமாலுமா?”

“ஆளைத் தெரியாது. கெட்டிக்காரர்னு மட்டும் தெரியும். இந்தக் காவிரிக்கரை நெடுக எத்தனையோ டிரான்ஸ்பார்மரைக் குளிப்பாட்டி, தாய்ப்பால்னு சொல்லிட்டு வந்திருக்கார். அதெல்லாம் இன்னும் ஓடிட்டுத்தான் இருக்கு.”

வையாபுரியின் கால் தானாகவே வேகத்தைக் குறைத்தது.

“நீங்க நாலு ஊர் சுத்தறவர். எங்கியாச்சும் அவரைப் பாத்தா நான் சொன்னேன்னு சொல்லுங்க. நாளைக்கே சிரிஞ்சை எடுத்துட்டுக் கிளம்பட்டும். ஒவ்வொரு வாசலா நின்னு, குடுத்த வார்த்தையைத் திருப்பி வாங்கட்டும். கழுவினவரே வந்து எல்லாத்தையும் சரி பண்ணட்டும்.”