கொக்கன்கரையின் அடையாளமில்லாத கார்

கொக்கன்கரையில் முட்டாள்கள் இருந்தார்கள் என்று யாராவது சொன்னால் அந்த ஊர்க்காரர்களுக்குக் கோபம் வந்துவிடும். "அதென்ன இருந்தார்கள்? நாங்க எங்கயும் போகலியே!" என்று சண்டைக்கு வருவார்கள். அதனால் அந்தப் பேச்சு வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்லிவிடலாம்.

அந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டாக இருந்தவர் பரஞ்சோதி. அவருக்குக் கீழே சுடலையாண்டி, அந்தோணி என்று இரண்டு காவலர்கள். மூன்று பேருமே தங்கமானவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். வம்பே அதில்தான் வந்தது.

பள்ளிக்கூட வளைவில் தினமும் ஒரு தண்ணீர் லாரி கண்மண் தெரியாத வேகத்தில் போய்வந்துகொண்டிருந்தது. டீக்கடை பெஞ்சு ஒன்று நொறுங்கியது. பிச்சம்மாளின் மகள் புத்தகப் பையை நடுரோட்டில் போட்டுவிட்டு ஓடித் தப்பித்தாள். பை தப்பவில்லை. அன்றிலிருந்து பரஞ்சோதிக்குச் சோறு இறங்கவில்லை. வளைவில் ஜீப்பை நிறுத்தினால் லாரி மாட்டுவண்டி மாதிரி ஊர்ந்து போகும். ஜீப் நகர்ந்ததும் பழையபடி பறக்கும்.

புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் மங்கையர்க்கரசி ஒரு வெள்ளைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இதுல போலீஸ்னு எங்கயும் எழுதலை. மூணு பேரும் மஃப்டியில இதுல போங்க. பார்த்தா போலீஸ்னே தெரியக் கூடாது. மஃப்டியில இருக்கிறப்ப நீங்க போலீஸ்ங்கிறதையே மறந்துடணும். அதுக்கு முன்னால ஊர்க்கூட்டம் போட்டு ஜனங்க என்ன நினைக்கிறாங்கன்னு கேளுங்க. அவங்க கருத்தையும் மதிச்சு நடக்கணும்."

சொல்லிவிட்டு அவர் தலைமையகத்துக்குப் போய்விட்டார். பரஞ்சோதி ஒவ்வொரு வார்த்தையாக மனப்பாடம் செய்துகொண்டார்.

கைலியும் சட்டையுமாக மூவரும் கண்ணாடி முன்னால் நின்றார்கள்.

"ஏட்டய்யா, உடுப்பு சரிதான். ஆனா மீசை போலீஸ் மீசைல்லா?" என்றான் சுடலையாண்டி.

பரஞ்சோதி மீசையைத் தடவிப் பார்த்தார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வளர்த்த மீசை. கண் கலங்கியது. இருந்தாலும் உத்தரவு உத்தரவுதானே? மூவரும் சலூனுக்குப் போனார்கள். "வீட்டுல ஏதும் துக்கமா?" என்று சலூன்காரர் கேட்டதற்கு, "அரசாங்க ரகசியம்" என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

பரஞ்சோதி சாப்பிட வீட்டுக்குப் போனார். அவர் மனைவி கதவைத் திறந்து, "அவுக ஸ்டேஷன்ல இருக்காக. அங்க போய்ப் பாருங்க" என்று சொல்லிச் சாத்திக்கொண்டாள். பரஞ்சோதிக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டினியோடு, ஆனால் நிறைந்த மனதோடு திரும்பினார்.

அடுத்து ஊர்க்கூட்டம். பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே திரண்டுவிட்டது.

முதலில் எழுந்தவர் டீக்கடை மாசானம். "அடையாளமில்லாத கார் விடுதது நல்ல யோசனைதான். ஆனா அது எந்தக் காருன்னு எங்களுக்கு முன்கூட்டியே சொல்லிரணும். இல்லேன்னா எப்படிப் பயப்படுதது?"

எல்லோரும் கைதட்டினார்கள்.

வாடகை வேன் வைத்திருக்கும் தங்கபாண்டி எழுந்தான். "ஒளிஞ்சிருந்து புடிக்கது நியாயமா? நாங்க ஒளிஞ்சிருந்தா வேகமாப் போறோம்? எல்லாரும் பாக்கத்தானே போறோம்!"

இதற்கும் கைதட்டல்.

உரக்கடை சண்முகையா வெகுநேரம் மோட்டுவளையைப் பார்ப்பதுபோல வானத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "போலீஸ்னு எழுதாத கார்ல போலீஸ் வரும்னா, போலீஸ்னு எழுதுன ஜீப்புல யாருவே வருவா?"

எல்லோரும் ஓரமாக நின்ற ஸ்டேஷன் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார்கள். பரஞ்சோதியும் பார்த்தார்.

பிச்சம்மாள் மட்டும், "எந்த வண்டியில வந்தா என்ன? அந்த லாரியப் புடிச்சாப் போதும்" என்றாள்.

"அது கருத்து இல்லம்மா, கோரிக்கை. இன்னைக்குக் கருத்து மட்டுந்தான்" என்று அவளை உட்காரவைத்தார்கள்.

கடைசியில் ஏகமனதாக ஒரு முடிவு வந்தது. கார் அடையாளமில்லாமல்தான் இருக்கவேண்டும். ஆனால் அடையாளமில்லாதது என்று ஜனங்களுக்குத் தெரியும்படி முன்னால் ஒரு பலகை மாட்டவேண்டும்.

பரஞ்சோதி தயங்கினார். அந்தோணிதான் வழி சொன்னான். "இன்ஸ்பெக்டர் அம்மா என்ன சொன்னாக? போலீஸ்னு தெரியக் கூடாதுன்னாக. இதுல போலீஸ்ங்கிற வார்த்தையே வரலியே."

அப்படியாக, 'இது அடையாளமில்லாத வண்டி' என்று பெரிய எழுத்தில் எழுதிய பலகை காரின் முன்னால் ஏறியது. தங்கபாண்டி சும்மா இருப்பானா? தன் வேனில் 'இது அந்த வண்டி இல்லை' என்று எழுதிக்கொண்டான்.

மறுநாள் சாயங்காலம், பள்ளிக்கூடம் விடுகிற நேரம். வளைவில் கார் நின்றது. லாரி வந்தது. காரில் போலீஸ் என்று எழுதியிருக்கவில்லை என்பதால் வேகத்தைக் குறைக்காமல் பறந்தது.

"அந்தா போறான்! கையைக் காட்டி நிறுத்துங்க ஏட்டய்யா!" என்று சுடலையாண்டி கத்தினான்.

"கையைக் காட்டினா போலீஸ்னு தெரிஞ்சுரும்லே."

"விசில் அடிப்போமா?"

"அதுவும் போலீஸ்தான்."

"அப்ப என்னதான் செய்ய?"

பரஞ்சோதி யோசித்தார். போலீஸ் இல்லாத மூன்று பேர் காரில் இருந்தால் என்ன செய்வார்கள்? சும்மா போவார்கள். "பின்னாலயே சும்மா போலே" என்றார்.

அந்தோணி லாரியை ஒட்டியபடியே காரை ஓட்டினான். லாரி இடது பக்கம் திரும்பினால் காரும் திரும்பியது. லாரி நின்றால் காரும் நின்றது. லாரி டிரைவர் காசிமணி கண்ணாடியில் பார்த்தான். மீசையில்லாத மூன்று பேர், முகத்தில் சிரிப்பே இல்லாமல், அவனையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். அவன் வேகத்தைக் கூட்டினான். ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவர்கள் விடவில்லை. கடைசியில் உயிர் பிழைத்தால் போதும் என்று லாரியைப் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே விட்டு, உள்ளே ஓடினான்.

கார் வேப்பமரத்தடியில் நின்றது.

"ஏட்டய்யா, ஸ்டேஷன்ல ஆள் வந்திருக்கு. கவனிக்க உள்ள ஒருத்தரும் இல்ல" என்றான் அந்தோணி.

பரஞ்சோதிக்குப் பகீரென்றது. நம்பி வந்தவனை வெறும் நாற்காலியா விசாரிக்கும்? மூவரும் பின்வாசல் வழியாக ஓடி, யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு, முன்னறைக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

காசிமணி காலில் விழாத குறை. "ஐயா, காப்பாத்துங்க! மூணு பேரு கார்ல என்னைத் துரத்துதாங்க. கொலைகாரப் பயலுவ மாதிரி இருக்காங்க!"

சுடலையாண்டி பரஞ்சோதியின் காதில் முணுமுணுத்தான். "ஏட்டய்யா, இவனைத்தானே நாம..."

"சும்மா இருலே," என்று பரஞ்சோதி பல்லைக் கடித்தார். "மஃப்டியில இருக்கப்ப போலீஸை மறக்கணும்னு உத்தரவு. அப்ப போலீஸா இருக்கப்ப மஃப்டியை மறக்கணுமா வேண்டாமா?"

சுடலையாண்டி யோசித்தான். நியாயமாகத்தான் பட்டது. மூவரும் மறந்தார்கள். பரஞ்சோதி எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். கண்ணை இறுக்க மூடி, முழுவதுமாக மறந்துவிட்டுத்தான் திறந்தார்.

"ஆள் எப்படி இருந்தாங்க?"

"மீசை கிடையாதுய்யா. ஒருத்தன் கிட்டத்தட்ட உங்க சாயல். ஆனா உங்க மரியாதை அவன் மூஞ்சியில இல்ல."

"காரு?"

"வெள்ளைக் காரு. முன்னால 'இது அடையாளமில்லாத வண்டி'ன்னு எழுதியிருந்துச்சு."

பரஞ்சோதி தலையில் கைவைத்தார். "விவரமான பயலுவ. அடையாளமே இல்லைன்னு அவங்களே எழுதிட்டா, நாம எதை வச்சுக் கண்டுபிடிக்கது?"

ஜன்னல் வழியாகப் பார்த்த அந்தோணி துள்ளி எழுந்தான். "ஏட்டய்யா! அந்தா நிக்கி, வேப்பமரத்தடியில!"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அதே கார். அதே பலகை. உள்ளே யாரும் இல்லை.

"என்ன நெஞ்சழுத்தம்! ஸ்டேஷன் வாசல்லயே நிறுத்திட்டுப் போயிருக்கானுவ" என்று பரஞ்சோதி கொதித்தார். "வண்டியை எடுக்க எப்படியும் வருவானுவ. மூணு பேரையும் அமுக்கிருவோம்."

மதில் சுவருக்குப் பின்னால் மூவரும் பதுங்கினார்கள். காசிமணியும் கூடவே பதுங்கினான். அவர்கள் பிடிபடும்வரை ஸ்டேஷனை விட்டு நகரமாட்டேன் என்று லாரிச் சாவியையும் ஒப்படைத்துவிட்டான். ஆக, லாரி நின்றுபோனது. பிள்ளைகள் நிம்மதியாக ரோட்டைக் கடந்தார்கள். பிச்சம்மாள் நன்றி சொல்ல ஒரு தூக்குப்பாத்திரம் நிறையப் பாயசம் கொண்டுவந்தாள். பதுங்கியபடியே குடித்தார்கள். கார்க்காரர்கள் மட்டும் வரவே இல்லை.

இரண்டு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் போன் செய்தார்.

"ஏட்டு, மஃப்டியில மூணு பேரை அந்த வெள்ளைக் கார்ல அனுப்பினேனே, என்ன ஆச்சு? ஒரு தகவலும் இல்லை."

பரஞ்சோதி விறைப்பாக எழுந்தார். யூனிஃபார்மில் நின்றுகொண்டுதான் பேசினார். வேப்பமரத்தடியில் ஆளில்லாமல் நின்ற காரை ஒருமுறை பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது.

"அம்மா, மனசைத் திடப்படுத்திக்கிடுங்க. நம்ம ஆளுங்க மூணு பேரையும் ஒரு கும்பல் என்னமோ பண்ணிட்டு, அந்தக் காரையும் பறிச்சிருக்கு. துரத்துன மூணு பேரு, காணாமப் போன மூணு பேரு, ஆக மொத்தம் ஆறு பேரைத் தேடணும். இங்க நாங்க மூணே பேருதான் இருக்கோம். கூட ஒரு மூணு பேரை உடனே அனுப்பிவைங்கம்மா."