பஜ்ஜியைத் திருப்பி வைத்தவர்

நகைச்சுவை நடிகர் குழந்தைவேலுவுக்கு ஒரு சீடர் இருந்தார். பெயர் சோலையப்பன். குருவைவிடச் சீடருக்குத்தான் வயது கூடுதல். ஆனாலும் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். சினிமாவில் வயதுக்கு யார் மரியாதை கொடுக்கிறார்கள்?

குழந்தைவேலு முதல் படத்தில் பிணமாக நடித்தவர். அடுத்த படத்தில் பிணத்தைத் தூக்குகிறவராக உயர்ந்தார். மூன்றாவதில் வசனம் கிடைத்தது. கொடுத்த வசனம் பிடிக்காமல் தானே எழுத ஆரம்பித்தார். அப்புறம் அவர் இல்லாத படமே இல்லை என்றானது. இயக்குநர்கள் திரைக்கதையில் 'இந்த இடத்தில் குழந்தைவேலு' என்று மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார்கள்.

சோலையப்பன் காரைக்குடிப் பக்கம் மேடை நாடகம் எழுதிக்கொண்டிருந்தவர். பல வருடமாகக் குருவுக்கு எதிரே உட்கார்ந்து எழுதுகிறார். அவருக்கு ஒரே ஓர் ஆசை. திரையில் தன் பெயர் தனியாக வரவேண்டும். இப்போதும் வருகிறதுதான், உதவியாளர்கள் என்ற கும்பலோடு. அவர் மனைவி மூக்குக் கண்ணாடியை மாட்டுவதற்குள் ஓடிவிடும்.

அந்தப் படத்தில் ஒரு பெண் பார்க்கும் காட்சி. நாற்பதைத் தாண்டியும் வேலை வெட்டி இல்லாத மாப்பிள்ளையாகக் குழந்தைவேலு. பெண்ணின் அப்பா கேட்கிறார்: "மாப்பிள்ளை என்ன வேலை பாக்குறீங்க?"

இதற்கான பதிலைச் சோலையப்பன் ராப்பகலாக எழுதினார். ஒரு பக்கம் முழுக்கப் பதில். ஒவ்வொன்றும் வெடிச் சிரிப்பு. குருவே படித்துவிட்டுக் குலுங்கினார்.

படப்பிடிப்பில் கேள்வி வந்தது. குழந்தைவேலு கையில் பாதி கடித்த பஜ்ஜி. அவர் மாமனாரைப் பார்த்தார். பஜ்ஜியைப் பார்த்தார். குனிந்து அதை மெதுவாகத் தட்டிலேயே திருப்பி வைத்தார். அவ்வளவுதான்.

தளத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"அண்ணே, வசனம்?" என்றார் இயக்குநர்.

"சொல்லிட்டேன் தம்பி. அடுத்த ஷாட்டுக்குப் போலாம்."

சோலையப்பனுக்கு முகம் செத்துப்போனது. மதியச் சாப்பாட்டின்போது கேட்டேவிட்டார்.

"நான் எழுதினது நல்லா இல்லையாண்ணே?"

"எல்லாமே நல்லா இருந்தது."

"அப்புறம் ஏன் ஒண்ணைக்கூடச் சொல்லல?"

"பஜ்ஜி ரொம்ப நல்லா இருந்துச்சு. வைக்க மனசே வரல" என்றார் குழந்தைவேலு. அதற்கு மேல் ரசத்தில்தான் கவனமாக இருந்தார்.

ஆனால் சினிமாவில் ஒரு வசதி உண்டு. நடிகர் குனிந்தாலோ முதுகைக் காட்டினாலோ உதடு தெரியாது. உதடு தெரியாத இடத்தில், டப்பிங்கில் எந்த வசனத்தையும் செருகிவிடலாம். தமிழ் சினிமாவின் பாதிச் சிரிப்பு முதுகுக்குப் பின்னால் பிறந்தது என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சோலையப்பன் டப்பிங்குக்கு ஒரு வரியோடு வந்தார். பஜ்ஜியை வைக்கும்போது மாப்பிள்ளை சொல்லவேண்டியது: "இப்போதைக்கு பஜ்ஜி சாப்பிடுற வேலைதாங்க. அதையும் இப்ப ராஜினாமா பண்ணிட்டேன்."

தயாரிப்பாளர் கஜேந்திரன் நாற்காலியில் இருந்து சரிந்து விழாத குறை. "யோவ் சோலை, இதுக்கு மட்டும் தியேட்டர்ல ஜனம் சிரிக்கட்டும். அடுத்த படத்துக்குக் காமெடி எழுதுறது நீதான். தனி கார்டு. உன் பேரு மட்டும்."

சோலையப்பன் பயந்துகொண்டே குருவைப் பார்த்தார். குருவுக்குத் தெரியாமல் எழுதிய வரி.

குழந்தைவேலு தாளை வாங்கிப் படித்தார். "நல்ல வசனம்" என்றார். மைக்கின் முன்னால் போய் நின்று, ஒரே தடவையில் பேசினார். அதைவிட நன்றாக அந்த வரியை யாராலும் பேசியிருக்க முடியாது. பேசிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

படம் வெளியானது. காலைக் காட்சிக்குத் தயாரிப்பாளரும் சோலையப்பனும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். மாமனார் கேட்டார். குழந்தைவேலு பஜ்ஜியைப் பார்த்தார். அவர் கை தட்டை நோக்கிப் போகும்போதே கொட்டகை வெடித்தது. விசில், கைத்தட்டல், நாற்காலியில் அடிக்கிற சத்தம். அந்த இரைச்சலுக்குள் எங்கேயோ சோலையப்பனின் வரி வந்தது, போனது. எழுதியவருக்கே கேட்கவில்லை.

"எங்கய்யா உன் வசனம்?" என்றார் கஜேந்திரன்.

"வந்துச்சுங்க. சிரிப்புல முங்கிருச்சு."

கஜேந்திரன் லேசில் விடுகிற ஆளில்லை. வெளியே வந்ததும் ஒலிப்பதிவாளருக்குப் போன் போட்டார். காட்சி ஓடும் நீளம் அப்படியே இருக்கட்டும், வசனத்தை மட்டும் சிரிப்பு அடங்குகிற இடத்துக்கு நகர்த்தினால் போதும் என்று பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை அங்கேயும் தலைகுனிந்துதான் இருக்கிறார், உதடு தெரியாது. மறுநாள் எல்லாத் தியேட்டருக்கும் புதுப் பிரதி போய்விடும்.

"சாயங்காலத்துக்குள்ள சரின்னு சொல்லு. அங்க வச்சா கண்டிப்பா சிரிப்பான். உன் பேரும் வரும்."

சோலையப்பன் சரி என்று சொல்ல வாயெடுத்தார். என்னவோ தடுத்தது. ஆட்டோ பிடித்து நேராகக் குருவின் வீட்டுக்குப் போனார். நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"முங்கிரும்னு உங்களுக்கு அப்பவே தெரியும்தானேண்ணே?"

"தெரியும்."

"அப்ப ஏன் பேசினீங்க?"

"எழுதினது நீங்க. பேசுறது என் வேலை."

"இப்ப நகர்த்தட்டுமா வேணாமா? நீங்க சொன்னா கேட்டுக்குறேன்."

குழந்தைவேலு எழுந்தார். சட்டையை மாட்டினார். தலையில் ஒரு குல்லாயைக் கவிழ்த்தார். "வாங்க, மேட்னி போலாம்" என்றார்.

விளக்கு அணைந்த பிறகு இருவரும் உள்ளே போனார்கள். உட்காரவில்லை. திரைக்குப் பக்கத்தில், வெளியே போகும் வாசலின் படுதாவை ஒட்டி நின்றுகொண்டார்கள். படம் அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஓடியது. எதிரே வரிசை வரிசையாக முகங்கள், திரை வெளிச்சம் பட்டு நீலமும் மஞ்சளுமாக. வேலை நாள், பட்டப்பகல். ஆனாலும் பாதிக் கொட்டகை, வேலைக்குப் போகிற வயதில் இருக்கும் ஆண் பிள்ளைகள்.

இத்தனை வருடம் சிரிப்பு எழுதியும் சோலையப்பன் சிரிக்கிற முகத்தை நேருக்கு நேர் பார்த்தவரில்லை. காதால்தான் கேட்டிருக்கிறார்.

பின்னால் மாமனாரின் குரல் கேட்டது: "மாப்பிள்ளை என்ன வேலை பாக்குறீங்க?"

முகங்கள் திறந்துகொண்டன. ஒரு பெண் பக்கத்துப் பெண்ணின் தோளில் அடித்துச் சிரித்தாள். ஒரு பெரியவர் பல் செட்டைக் கையால் பிடித்துக்கொண்டார். இரண்டாவது வரிசையில், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டைக்கு, நேர்காணலுக்குப் போகிறவன்போல் மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான்.

சிரிப்பு ஏறியது, உச்சிக்குப் போனது, அடங்க ஆரம்பித்தது.

அந்த முழுக்கைச் சட்டைக்காரன் நிமிர்ந்தான். கண்ணைத் துடைத்தான். முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது, ஆனால் கண் வேறெங்கோ போயிருந்தது. கையில் இருந்த பாப்கார்னை வாய் வரை கொண்டுபோனவன் ஒரு கணம் அப்படியே வைத்திருந்தான். பிறகு, தான் செய்வது தனக்கே தெரியாதவன்போல், அதைப் பொட்டலத்துக்குள் திரும்பப் போட்டான்.

பல் செட்டுப் பெரியவர் திரும்பி, பக்கத்தில் இருந்த மகனைப் பார்த்தார். மகன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் அவன் முழங்காலில் கையை வைத்தார்.

கொட்டகையில் சத்தமே இல்லை. அதற்குள் அடுத்த காட்சி வந்தது. பாட்டு ஆரம்பித்தது. எல்லோரும் மறுபடி சாதாரணமானார்கள்.

இருவரும் படுதாவை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். சோலையப்பனின் சட்டைப்பையில் போன் அடித்தது. கஜேந்திரன். எடுத்து, "ஒரு நிமிஷங்க" என்று சொல்லிவிட்டுக் குருவின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தாலும் அவர் தன் வசனத்துக்காக வாதாடாமல் விடவில்லை. பெற்றவர் இல்லையா.

"நல்ல வசனம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இப்பவும் சொல்றேன்."

"சிரிப்பாங்களா மாட்டாங்களா?"

"சிரிப்பாங்க. கண்டிப்பா சிரிப்பாங்க."

"அப்ப வச்சா என்னண்ணே? சிரிச்சு முடிச்சாச்சு. அடுத்த காட்சி இன்னும் வரல. காலி இடம்தானே அது?"

குழந்தைவேலு குல்லாயைக் கழற்றினார். டிக்கெட் கிழிக்கிறவர் அடையாளம் கண்டு ஓடிவந்தார். அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, சீடரைப் பார்த்துக் கேட்டார்:

"காலியாவா இருந்துச்சு?"

போனுக்குள் கஜேந்திரன் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார். சோலையப்பன் அதைக் காதில் வைத்து, "வேணாங்க. அப்படியே இருக்கட்டும்" என்றார். போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.