தம்பியின் மூளை மட்டும்

கையைக் கட்டிக்கொண்டு கேட்கிற கதையல்ல இது. நடுவில் நிறுத்தி உங்களிடம்தான் தீர்ப்புக் கேட்கப்போகிறேன், காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

நம் மூளைக்குள் சில நொதிகள் உண்டு. பழைய புரதங்களை நறுக்கிக் களைவது அவற்றின் வேலை. ஆள் இறந்தாலும் அவை ஓய்வதில்லை. உறைகுளிரில் வைத்தால்தான் அடங்கும்.

மனச்சிதைவு நோய்க்கு இந்த நொதிகளின் வெறியாட்டமே காரணம் என்று காட்டப் புறப்பட்டது வளர்மதி வேலை பார்த்த ஆய்வுக்கூடம். நோயில்லாதவர்களின் மூளைகள் பக்கத்துக் கட்டட மருத்துவமனையில் விபத்தில் இறந்தவர்களுடையவை. நோயாளிகளின் மூளைகள் மலையடிவாரக் காப்பகத்திலிருந்து வந்தவை. அங்கே குளிர்ப்பெட்டி கிடையாது. இறந்தவர் தன் மூளையை ஆய்வுக்குத் தருவதாக முன்பே எழுதிக் கொடுத்திருந்தாலும், சொந்தக்காரர் ஒருவர் வந்து சம்மதிக்கும்வரை பாயில் கிடத்தியிருப்பார்கள். பைத்தியம் என்று கொண்டுபோய் விட்டவர்களைப் பார்க்க யார் அடித்துப் பிடித்து ஓடிவருகிறார்கள்?

முடிவு பேராசிரியர் சந்தானகிருஷ்ணன் நினைத்தபடியே வந்தது. நோயாளிகளின் மூளையில் புரதம் துண்டு துண்டாகக் கிடந்தது. ஒன்றே ஒன்றுதான் இடித்தது. இளங்குமரன் என்ற நோயாளியின் மூளையில் புரதம் முழுசாக இருந்தது.

இளங்குமரன் வளர்மதியின் தம்பி. காய்ச்சலில் விழுந்தவனைக் காப்பகத்திலிருந்து தூக்கிவந்து பக்கத்து மருத்துவமனையில் சேர்த்து, அவன் மூச்சு நின்றதும் அழக்கூட நிற்காமல் சம்மதம் சொன்னவள் அவள்.

"உங்க தம்பிக்கு மனச்சிதைவே இல்லைம்மா. டாக்டர் தப்பா கணிச்சிருப்பார். அந்த மூளையை விட்டுடலாம்," என்றார் பேராசிரியர்.

தம்பிக்கு ஒன்றுமில்லை என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று எத்தனையோ வருடம் ஏங்கியவள்தான் வளர்மதி. இன்று சொல்லிவிட்டார்கள், அவன் கொடுத்துவிட்டுப் போனதைக் குப்பையில் போடுவதற்காக.

"சுவரோட பேசிட்டிருந்தவன் சார் அவன். வீட்ல எல்லாரும் ஒதுங்கினப்ப சோறு ஊட்டினவ நான். அவனுக்கு நோய் இருந்துச்சு. உங்க முடிவுதான் தப்பு. அவனை நீக்கினா என்னையும் வேலையை விட்டு நீக்குங்க, போற இடமெல்லாம் இதைச் சொல்லுவேன்."

"திமிர்," என்றார் அவர்.

"ஆமா சார்," என்றாள் அவள்.

இப்போது சொல்லுங்கள். இருவரில் யார் சொன்னது சரி? இளங்குமரனும் நோயாளிதான் என்றால், அவன் மூளை மட்டும் ஏன் சிதையவில்லை?

விடை: வளர்மதி சொன்னதே சரி. மற்றவர்கள் பாயில் கிடந்து சொந்தக்காரருக்காகக் காத்திருந்தபோது, நொதிகள் நிதானமாகத் தம் வேலையைப் பார்த்தன. இளங்குமரனுக்குக் காத்திருக்கும் அவசியமே வரவில்லை. அக்கா பக்கத்திலேயே இருந்தாள்; விபத்தில் இறந்தவர்களின் மூளைகளைப் போல அவனுடையதும் உடனே உறைகுளிருக்குப் போய்விட்டது. நோயை அளந்ததாகப் பேராசிரியர் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் அளந்து வைத்திருந்தது, சொந்தக்காரர்கள் வந்து சேரப் பிடித்த நேரத்தைத்தான்.